ஒட்டுக்கடை வானொலியில் ஓடும் பாட்டு: படநிறுவன இசைப் பொறுப்பாளரின் வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டக் கதையைப் படமாக எடுக்க உட்காருகிறவர்கள் எழுதும் முதல் காட்சி அநேகமாக இப்படி இருக்கும். விடிந்தும் விடியாத நேரம். ஒட்டுக்கடையில் தே ஆற்றும் சத்தம். பெஞ்சில் பால்மரம் சீவப் போகும் இரண்டு பேர். சுவரோரத் தட்டில் இருக்கும் வானொலியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. திரைக்கதையில் அதற்கு ஒரே வரிதான்: ‘வானொலியில் பாட்டு ஒலிக்கிறது.’

படத்தை விழாவுக்கோ தொலைக்காட்சிக்கோ கொடுக்கப் போகும் நாளில் அந்த ஒரு வரி கணக்குக் கேட்கும். பாட்டு யாருடையது? அனுமதி யாரிடம் வாங்கினீர்கள்? எந்தெந்த நாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு? பதில் இல்லையென்றால் காட்சியை வெட்ட வேண்டும். நடிகர்களின் பேச்சும் வானொலிப் பாட்டும் ஒரே மைக்கில் பதிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இப்போது வரும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் பாட்டை ஓரளவு உருவும். ஆனால் பேச்சின் ஓரமும் அதோடு சேர்ந்து தேய்ந்துவிடும். பெரிய அரங்கில் போட்டுக் கேட்டால் அது தெரியும்.

பெரிய படநிறுவனங்களில் இந்தக் கேள்விகளைத் திரைக்கதை கைக்கு வந்த வாரத்திலேயே கேட்பதற்கென்று சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார். மியூசிக் எக்ஸிகியூட்டிவ் என்பது அவருடைய பதவிப் பெயர். இசைப் பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் மெட்டுப் போடுவதில்லை, மேடை ஏறுவதில்லை. ஒரு படத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு விநாடி இசைக்கும் பணம், நேரம், உரிமை, தரம் ஆகிய நான்குக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எஸ்டேட் பட்டணங்களில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைக்கும், உறுமி மேளக் குழு நடத்தும் இளைஞனுக்கும் சினிமா இசை என்றாலே இசையமைப்பாளர், பாடகர் என்ற இரண்டு நாற்காலிதான் கண்ணில் படுகிறது. மூன்றாவது நாற்காலி ஒன்று உண்டு. நம் ஊர்ப் படங்கள் பல அந்த நாற்காலி காலியாக இருப்பதால்தான் வெளியே போக முடியாமல் நிற்கின்றன.

அந்தப் பதவிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஆஸ்கார் விருதில் இசைக்குப் பரிசு தரத் தொடங்கிய 1934 முதல் 1937 வரை, பரிசு இசையமைப்பாளரிடம் போகவில்லை. படநிறுவனத்தின் இசைத்துறைத் தலைவரிடமே போனது. 1936ஆம் ஆண்டின் ‘ஆந்தனி அட்வர்ஸ்’ படத்துக்கு இசை எழுதியவர் எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட். பரிசை வாங்கியவர் வார்னர் நிறுவனத்தின் இசைத்துறைத் தலைவர் லியோ ஃபோர்ப்ஸ்டீன். அநியாயமாகத் தோன்றும் அந்த ஏற்பாட்டிலிருந்து அன்றைய அமைப்பு எப்படி இருந்தது என்று தெரிகிறது. இசையமைப்பாளர், இசையை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுபவர், இசைக்குழு நடத்துநர், வாசிப்பவர், இசைக்குறிப்பு நோட்டுப் படியெடுப்பவர் என எல்லாரும் நிறுவனத்தின் மாதச் சம்பளக்காரர்கள். அவர்களைக் கட்டி மேய்த்தவர் துறைத் தலைவர்.

டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸில் 1940 முதல் 1960 வரை அந்த இடத்தில் இருந்த ஆல்ஃபிரட் நியூமன் தானே இசையமைப்பாளர், தானே நடத்துநர். ஒன்பது ஆஸ்கார் வாங்கியவர். பிலிமில் துளையிட்டும் கோடு கீறியும், திரையில் ஓடும் கோட்டையும் மின்னும் புள்ளியையும் பார்த்து நடத்துநர் இசையைப் படத்தோடு பொருத்தும் முறைக்கு அவர் பெயர்தான் நிலைத்தது. துளைபோடும் வேலையை இன்று கணினி செய்கிறது. நடத்துநர் பார்ப்பது இன்றும் அதே கோடும் புள்ளியும்தான்.

நம் பக்கத்திலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. சென்னையில் ஏவி.எம்., ஜெமினி போன்ற ஸ்டூடியோக்கள் சொந்த இசைப்பிரிவு வைத்திருந்தன, ஏவி.எம்.முக்கு ஆர். சுதர்சனம் நிலைய இசையமைப்பாளராக இருந்தார். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய்ப் பட ஸ்டூடியோவும் அப்படிப்பட்டதுதான். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன இயக்குநர்கள் அங்கே வேலை செய்தார்கள். 1960கள் தொடங்கி அந்த ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடவோ சுருங்கவோ செய்தபோது சம்பளக் குழுக்கள் கலைந்தன. வாசிப்பவர்கள் கூலிக்கு வந்தார்கள், இசையமைப்பாளர் ஒப்பந்தத்துக்கு வந்தார். ஆனால் பொறுப்பு கலையவில்லை. வாசிக்கும் ஆட்கள் வெளியே போன பிறகு அவர்களை ஒப்பந்தத்தால் சேர்த்துப் பிடிக்கும் வேலை முன்னைவிடக் கூடியது. ஃபாக்ஸின் இசைப்பிரிவை 1994 முதல் 2012 வரை நடத்திய ராபர்ட் கிராஃப்ட், பாட்டெழுதியும் இசைத்தட்டு தயாரித்தும் வந்தவர். இன்று அந்த நாற்காலிக்கு வழக்கறிஞர்கள், இசைத் தொகுப்பாளர்கள், இசைத்தட்டு நிறுவன ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள்.

ஏறும் படி பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் உதவியாளர், பிறகு ஒருங்கிணைப்பாளர், பிறகு மேலாளர், அதற்கு மேல் துணைத் தலைவர், தலைவர். ஒருங்கிணைப்பாளராக இருக்கும் ஆண்டுகளில்தான் தொழில் கையில் ஏறும். விலை கேட்டுக் கடிதம் எழுதுவது, வராத பதிலைத் துரத்துவது, ரசீதைச் சரிபார்ப்பது, இசைப் பட்டியல் தயாரிப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழும். சலிப்பான வேலை போலத் தெரியும். ஆனால் ஒரு பாட்டின் உரிமை எத்தனை கூறாகப் பிரிந்து கிடக்கிறது என்பதை இருநூறு பாட்டுக்குத் தேடிப் பார்த்தவருக்குத்தான், இயக்குநர் கேட்ட பாட்டு கிடைக்குமா கிடைக்காதா என்று அறையிலேயே சொல்ல வரும்.

இரண்டு சொத்து, இரண்டு கையெழுத்து

இந்தத் தொழிலில் ஒன்றை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னால் அது இதுதான்: ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று மெட்டும் வரியும், அதாவது இசைப்படைப்பு. இன்னொன்று அந்தப் படைப்பை ஒரு குறிப்பிட்ட பாடகர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு. படத்தில் பழைய பாட்டை அப்படியே ஓடவிட இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். உள்ளூர்ப் பாடகரை வைத்துப் புதிதாகப் பாடிப் பதிந்தால் இரண்டாவது தேவையில்லை, முதலாவது கட்டாயம் தேவை. படத்தில் ஒரு பாத்திரம் மரம் சீவிக்கொண்டே இரண்டு வரி முணுமுணுத்தாலும் முதலாவது தேவை. ‘30 விநாடிக்குள் இருந்தால் இலவசம்’ என்று ஊரில் சுற்றும் பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

தமிழ்ப் பழைய பாடல்களில் ஒலிப்பதிவும் இசைப்படைப்பும் ஒரே இசை நிறுவனத்தின் கையில் இருப்பது உண்டு. அது வேலையைச் சுலபமாக்கும். இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு கைகளில் இருந்தால் விலை பேசும்போது ஒரு நிபந்தனை வரும்: ஒருவருக்குக் கொடுக்கும் தொகையைவிட மற்றவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால், முதலாமவருக்கும் அதே அளவு ஏற்றித் தர வேண்டும். ஒரு பக்கம் 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒத்துக்கொண்டு மறுபக்கம் 5,000 கேட்டால் மொத்தம் 8,000 ஆகாது, 10,000 ஆகும். அனுபவமில்லாதவர்கள் வரவுசெலவில் ஓட்டை விழுவதைக் கவனிக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

காலக் கணக்கும் நாட்டுக்கு நாடு வேறு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பாளி இறந்த பிறகு 50 ஆண்டு. இந்தியாவில் 60, அமெரிக்காவில் 1978 முதல் உருவான படைப்புகளுக்கு 70. 1974இல் மறைந்த ஒருவரின் மெட்டு மலேசியாவில் 2025 தொடக்கத்திலிருந்து பொதுச் சொத்து. இந்தியாவில் 2034 முடியும்வரை அல்ல. வரி எழுதியவர் வேறொருவர் என்றால் அவருடைய கணக்கு தனி. ஒலிப்பதிவுக்கு மலேசியாவில் வெளியீட்டிலிருந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60. அதை நம்பி 1960ஆம் ஆண்டு இசைத்தட்டை எடுத்துப் போட்டு உலகம் முழுக்க இணையத்தில் விட்டால் அமெரிக்காவில் இடிக்கும். அங்கே 2018இல் வந்த சட்டம், 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரை வெளியான ஒலிப்பதிவுகளை 2067 பிப்ரவரி வரை காக்கிறது. படம் எந்த நாடுகளுக்குப் போகும் என்பதை முதலில் தீர்மானிக்காமல் ‘பழைய பாட்டுதானே’ என்று சொல்ல முடியாது.

சாமிப் பாட்டு விஷயத்தில் தோட்டத்துப் படங்கள் அடிக்கடி சறுக்குகின்றன. தைப்பூசக் காவடிக் காட்சி இல்லாத தோட்டக் கதை அரிது. அருணகிரிநாதரின் திருப்புகழ் வரிகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கந்த சஷ்டி கவசத்தின் வரிகளும் அப்படியே. ஆனால் நம் காதில் பதிந்திருக்கும் கவசம் சூலமங்கலம் சகோதரிகளின் குரல். அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. காவடி ஊர்வலத்தில் பாடப்படும் பாட்டுகளில் கணிசமானவை சென்ற நூற்றாண்டில் ஒருவர் எழுதி, ஒருவர் மெட்டமைத்து, கேசட்டில் வெளிவந்தவை. கோயிலில் எல்லாரும் பாடுவதால் அது பொதுவாகிவிடாது.

பாரதியார் பாடல்களே ஒருகாலத்தில் இப்படிச் சிக்கியிருந்தன. அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் அன்றைய சென்னை அரசு உரிமையை ஏற்றுக்கொண்டு பிறகு பொதுவாக்கியதால்தான் இன்று யாரும் பாரதியைப் பாடலாம். வரியை மட்டும்தான் சொல்கிறோம். பின்னாளில் ஓர் இசையமைப்பாளர் போட்ட மெட்டு அவருடையது.

மேளக் குழுவை வைத்துக் காட்சி எடுக்கும்போது பாட்டைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டு வாசிப்பவர்களை மறந்துவிடுகிறார்கள். மலேசியச் சட்டத்தில் வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் தனி உரிமை உண்டு. பன்னிரண்டு பேர் வாசித்தால் பன்னிரண்டு கையெழுத்து. குழுத் தலைவர் ஒருவரே எல்லாருக்குமாகக் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அதற்கு மற்றவர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்த ஒப்புதல் தாள் வேண்டும். படப்பிடிப்பு நாளன்று, கூலி கையில் கொடுக்கும் நேரத்தில் வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருப்பார், ஒருவர் குழுவோடு கோபித்துக்கொண்டிருப்பார்.

திரைக்கதையிலிருந்து கடைசிக் கலவை வரை

திரைக்கதை வந்ததும் இசைப் பொறுப்பாளர் செய்யும் முதல் வேலை, வண்ணப் பேனாவோடு உட்கார்ந்து இசை வரும் இடங்களைக் கோடிடுவது. திரையில் யாராவது பாடுகிறார்களா, ஆடுகிறார்களா, வாசிக்கிறார்களா? அவையெல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே உரிமை வாங்கி, பதிந்து கையில் இருக்க வேண்டியவை. பின்னணியில் வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி அழைப்பொலி உண்டா? அவற்றைப் படப்பிடிப்பில் ஒலிக்க விடவே கூடாது. நடிகருக்குத் தாளம் வேண்டுமென்றால் காதுக்குள் சிறு கருவி வைக்கலாம். கூட்டமாக ஆடும் காட்சியில் 40 ஹெர்ட்ஸ் அளவில் ‘தும் தும்’ என்ற தாழ்ந்த துடிப்பை மட்டும் ஒலிபெருக்கியில் விட்டால் ஆடுகிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பேச்சு அந்த அலைவரிசைக்கு மேலே இருப்பதால் பிறகு துடிப்பை மட்டும் வடிகட்டி நீக்கிவிடலாம்.

இந்தக் கோடிடுதல் முடிந்தால் பணம் எங்கே போகும் என்று தெரியும். கணக்குக்காக ஒரு சிறிய மலேசியத் தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்வோம்: மொத்தச் செலவு 5 லட்சம் வெள்ளி, இசைக்கு 40,000. இதில் 24,000 இசையமைப்பாளருக்கு மொத்த ஒப்பந்தமாகப் போகிறது என்றால், அந்த மொத்தத்துக்குள் எது அடங்கும் என்பதை வரிவரியாக எழுத வேண்டும். அவர் கூலி, ஸ்டூடியோ வாடகை, கலவை ஆகியவை உள்ளே. பாடகர் கூலியும் பாடலாசிரியர் கூலியும் உள்ளேயா வெளியேயா? வெளியிலிருந்து வாங்கும் பாட்டு நிச்சயம் வெளியே, அதற்கு 8,000. நேரடியாக வாசிக்கும் இரண்டு மூன்று கலைஞர்களுக்கு 4,000. மீதி 4,000 தொடாமல் இருக்க வேண்டிய கையிருப்பு. பத்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைக்காத இசைக் கணக்கு, படத்தொகுப்பு மாறிய அன்றே கிழியும்.

படத்தொகுப்பாளர் முதல் வெட்டைத் தயாரிக்கும்போது தற்காலிகமாக ஏதாவது இசையைப் போட்டுப் பார்ப்பார். தேவையான வழக்கம்தான், ஆபத்தானதும்கூட. மூன்று மாதம் அதே இசையோடு காட்சியைப் பார்த்த இயக்குநருக்கு வேறெதுவும் காதில் ஏறாது. 1968இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிந்த இசையை ஸ்டான்லி குப்ரிக் ஒதுக்கிவிட்டு, வெட்டின்போது வைத்திருந்த செவ்வியல் இசையையே இருத்திக்கொண்டார். அந்தப் படத்துக்கு அது நன்மையாக முடிந்தது. சிறிய படத்துக்கு முடியாது. பிடித்துப்போன தற்காலிக இசையின் உரிமை நம் கைக்கு எட்டாது, அதைப்போலவே எழுதச் சொன்னால் இசையமைப்பாளர் நகல் எடுத்தவராவார். நல்ல பொறுப்பாளர் இரண்டு காரியம் செய்வார். ஒப்பந்தமான இசையமைப்பாளரின் பழைய இசையையே தற்காலிகமாகப் போடச் சொல்வார். வாரம் ஒருமுறை, இசையே இல்லாத பிரதியை இயக்குநருக்குப் போட்டுக் காட்டுவார்.

படம் வெட்டி முடிந்ததும் இயக்குநர், இசையமைப்பாளர், இசைத் தொகுப்பாளர், பொறுப்பாளர் நான்கு பேரும் உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். எந்த நொடியில் இசை நுழைகிறது, எந்த நொடியில் வெளியேறுகிறது, ஏன்? ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். மூன்றாம் சுருளில் இரண்டாவது இசை என்றால் ‘3எம்2’. நம் படங்களில் இந்த உட்காரலைத் தவிர்த்துவிட்டு, ‘முழுசா போட்டுக் கொடுங்க, பிறகு பார்ப்போம்’ என்கிறார்கள். விளைவு, 110 நிமிடப் படத்தில் 100 நிமிடம் இசை. எங்கும் மூச்சு விட இடமில்லாததால், உண்மையிலேயே அழ வேண்டிய இடத்தில் இசை வந்தாலும் காது அதைக் கண்டுகொள்வதில்லை. அதிகாலைப் பால்மரக் காட்டில் ஒரு பறவை, பால்கத்தி பட்டையில் உரசும் ஓசை, தூரத்தில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கூப்பிடும் குரல் இருந்தாலே அந்தக் காட்சிக்குப் போதும். அங்கே வயலினை நிறுத்தி வைக்கும் துணிவு இந்த உட்காரலில்தான் பிறக்க வேண்டும்.

பெரிய இசைக்குழுவோடு பதிவு செய்யும்போது கணக்கு வேறு. மூன்று மணி நேர அமர்வில், இடைவேளை போக, கச்சிதமாகப் பதிந்து கிடைப்பது 10 முதல் 15 நிமிட இசை. 60 நிமிட இசைக்கு ஐந்து அமர்வு, அவசரத்துக்கு ஒன்று சேர்த்து ஆறு. வேகமான சண்டை இசை என்றால் இன்னும் குறையும். அறுபது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நோட்டில் ஒரு பிழை கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போனால் அத்தனை பேரின் பத்து நிமிடமும் போகிறது. அதனால்தான் நோட்டைப் படியெடுப்பவருக்கும் சரிபார்ப்பவருக்கும் கொடுக்கும் கூலியில் கை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் மூத்தவர்களின் கண்டிப்பு. மலேசியச் சிறு படங்களில் இந்தக் குழு கணினிக்குள் இருக்கிறது. அதில் தவறில்லை. கணினி வயலின்களுக்கு மேல் ஒரே ஓர் உயிருள்ள வயலினைப் பதிந்து கலந்தாலும் முழுக்குழுவுக்கும் உயிர் வந்துவிடும். வாசிக்கும் கலைஞர்களுக்கென்று 4,000 வெள்ளியை அதற்குத்தான் ஒதுக்கினோம்.

எழுதி முடித்த இசை பிடிக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியவரும் பொறுப்பாளரே. 1974இல் ‘சைனாடவுன்’ படத்தின் முதல் இசை நீக்கப்பட்டு ஜெரி கோல்ட்ஸ்மித் பத்தே நாளில் புதிதாக எழுதினார். அது கொண்டாடப்படும் கதை. கொண்டாட்டத்துக்குப் பின்னால் முதல் இசையமைப்பாளருக்குத் தர வேண்டிய முழுக்கூலி, மறுபதிவுச் செலவு, தள்ளிப்போக முடியாத வெளியீட்டுத் தேதி எல்லாம் இருக்கின்றன. ஆகவே ஒப்பந்தத்திலேயே ஒரு படிக்கட்டு வைப்பார்கள்: முதலில் மூன்று முக்கியத் துண்டுகளின் மாதிரி, அதற்கு ஒப்புதல், அதன் பிறகே மீதி. திருத்தம் ஒரு துண்டுக்கு இத்தனை முறை, அதற்கு மேல் தனிக்கூலி என்பதும் எழுத்தில் இருக்கும்.

தொழில்நுட்பத்தில் மலேசியாவில் மாட்டும் கண்ணி ஒன்று உண்டு. நம் தொலைக்காட்சி விநாடிக்கு 25 படச்சட்டம், திரையரங்கு 24. இசையமைப்பாளருக்கு 24இல் ஒரு பிரதி போய், பிறகு தொலைக்காட்சிக்காகப் படத்தை 25க்கு வேகப்படுத்தினால், பத்து நிமிடத்தில் 24 விநாடி சுருங்கும். ஒலியையும் அப்படியே வேகப்படுத்தினால் சுருதி முக்கால் அரைச்சுரம் (அரைச்சுரம் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) அளவுக்கு ஏறும்; பாடகியின் குரல் சற்று மெலிந்து கேட்கும். விநாடிக்கு 23.976 படச்சட்டத்துக்கும் 24க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியாது, ஆனால் இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் ஏழு விநாடி விலகியிருக்கும். கேசட் காலத்துப் பாட்டிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து பதிந்த) கோப்பை, மாற்றாமல் 48 என்று திறந்தால் ஒன்றரை அரைச்சுரம் ஏறி, கிட்டத்தட்ட 9 விழுக்காடு வேகமாக ஓடும். படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும்: இத்தனை படச்சட்டம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். தாளத்துக்கும் படச்சட்டத்துக்கும் உள்ள கணக்கு எளிது. 24 சட்டத்தில் நிமிடத்துக்கு 1,440 சட்டம். 120 தாளம் என்றால் ஒரு தட்டுக்கு 12 சட்டம். வெட்டு விழும் இடமும் தட்டு விழும் இடமும் ஒன்றாக வர வேண்டுமென்றால் இந்த எண்ணை வைத்துத்தான் தொகுப்பாளரும் இசையமைப்பாளரும் பேசிக்கொள்ள முடியும்.

உறுமி மேளத்தை நேரடியாகப் பதிவது தனிக் கலை. கோயில் வாசலில் குழு முழுக்க வாசிக்கும்போது ஒரே மைக்கில் பிடித்தால் தவிலும் தப்பும் உறுமியை விழுங்கிவிடும். அந்த வாத்தியத்தின் உயிரே ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் ஆழ்ந்த முனகல்தான். அதற்கு அந்தத் தோலுக்கு ஒரு முழ தூரத்தில் தனி மைக் வேண்டும். உச்ச ஒலி எல்லைக்குக் கீழே 12 டெசிபெல் இடம் விட்டு அளவு வைக்க வேண்டும், ஏனென்றால் ஒத்திகையில் வாசித்ததைவிடச் சாமி வந்த நேரத்தில் இரண்டு மடங்கு பலமாக அடிப்பார்கள். மழைக்குப் பின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். காலையில் எடுத்த ஓசையும் மாலையில் எடுத்த ஓசையும் ஒட்டாது. இன்னொன்று, குழு வாசிக்க வாசிக்க வேகம் ஏறும். அது அவர்கள் குறையல்ல, அந்த இசையின் இயல்பே அது. ஆனால் நடுவில் வெட்டி ஒட்ட முடியாது. ஆகவே முழு வாசிப்பை இடைநிறுத்தாமல் ஒருமுறை எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக இரண்டு நிமிடம், காதில் தாளக்குறி கொடுத்து ஒருமுறை எடுக்க வேண்டும். முதலாவது உணர்வுக்கு. இரண்டாவது வெட்டு விழும் இடங்களை மூடுவதற்கு.

தாளில் எழுதாதது

ஊரில் பெரும்பாலான இசை நட்பின் பேரில் நடக்கிறது. ‘அண்ணே, படம் ஓடட்டும், பிறகு பாத்துக்கலாம்’ என்று தொடங்கும். இதில் இரண்டு பக்கமும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. மலேசியச் சட்டப்படி, கூலி பேசி ஒருவரிடம் ஒரு படைப்பைச் செய்யச் சொன்னால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படைப்பின் பதிப்புரிமை செய்யச் சொன்னவருக்கு மாறியதாகக் கருதப்படும். அதாவது, 800 வெள்ளிக்கு ஒரு தீம் இசை செய்து கொடுத்த கீபோர்டுப் பிள்ளை, தாளில் எதுவும் எழுதாவிட்டால், அந்த இசையைப் பிறகு இன்னொரு படத்தில் பயன்படுத்த முடியாத நிலைக்கு வரலாம். மறுபக்கம், ஏற்கெனவே செய்து வைத்திருந்த பாட்டைப் படத்துக்குக் கொடுத்தால் அது இந்த வகையில் வராது; அங்கே உரிமை மாற்றமோ அனுமதியோ எழுத்தில் இல்லாவிட்டால் செல்லவே செல்லாது. இருவருக்கும் நல்லது ஒரே பக்கத்தில் ஒரு தாள்: எந்த இசை, எந்தப் படம், எந்த நாடுகள், எத்தனை ஆண்டு, உரிமை யாருக்கு, ஒலிபரப்பு ராயல்டி யாருக்கு, பெயர் திரையில் எப்படி வரும்.

அந்த ஒலிபரப்பு ராயல்டி வந்து சேர்வது இசைப் பட்டியல் என்ற ஒரு தாளை நம்பித்தான். ஒவ்வொரு இசைத் துண்டின் பெயர், எழுதியவர், பதிப்பாளர், பங்கு விழுக்காடு, நீளம், அது பின்னணியில் வந்ததா திரையில் பாடப்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். 1989இல் தொடங்கிய மேசிப் (MACP) அமைப்பு மலேசியாவில் இசைப்படைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கிறது. இசையமைப்பாளர் அதில் உறுப்பினராகச் சேர்ந்து, பாட்டைப் பதிந்து, படத்தின் இசைப் பட்டியலும் ஒழுங்காகப் போயிருந்தால்தான் தொலைக்காட்சியில் படம் மறு ஒளிபரப்பாகும்போது கணக்கில் வரும். இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் சமபங்கை எழுதி வாங்கிவிடவே முடியாது. சென்னை நிறுவனத்தோடு கூட்டாகப் படம் எடுப்பவர்கள், ‘எல்லாம் எங்களுக்கே’ என்ற பழைய வாசகத்தை அப்படியே ஒப்பந்தத்தில் ஒட்டும்போது இதைக் கவனிப்பதில்லை.

பணம் குறைவாக இருக்கும் படத்துக்கு நடைமுறையில் ஒத்துவரும் வழி, விழாக்களுக்கு மட்டுமான ஓராண்டு அனுமதி. முழு உலக, எல்லா ஊடக, என்றென்றைக்குமான அனுமதியின் விலையில் சிறு பகுதிதான் அது கேட்கும். ஆனால் அதே கடிதத்தில், பிற்பாடு விரிவாக வேண்டுமானால் என்ன விலை என்பதையும் இப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும். படம் விழாவில் பரிசு வாங்கிய பிறகு கேட்டால் அதே பாட்டுக்கு வேறு விலை சொல்வார்கள், சொல்வதற்கு அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது.

ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் ஒரு பட்டணத்தில் உட்கார்ந்தபடி இந்தத் தொழிலைப் பழக முடியுமா என்றால், முதல் படிக்கு முடியும். தொலைக்காட்சியில் வரும் ஒரு தமிழ் டெலிமூவியை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, முழு இசைப் பட்டியல் தயாரித்துப் பாருங்கள்: எங்கே நுழைகிறது, எங்கே முடிகிறது, எத்தனை விநாடி, யார் எழுதியது. தொண்ணூறு நிமிடப் படத்துக்கு முதல் முறை இரண்டு மூன்று நாள் ஆகும். பத்தாவது படத்தில் ஒரே நாளில் முடியும். பிறகு உங்கள் வட்டாரத்தில் யாராவது குறும்படம் எடுத்தால், இசையமைக்கும் வாய்ப்பைக் கேட்பதற்குப் பதிலாக, இசைக்கான தாள்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அந்த வேலைக்குப் போட்டியே இல்லை. ஆங்கிலத்திலும் மலாயிலும் தெளிவாகக் கடிதம் எழுதும் பழக்கம், எக்செல், ஒப்பந்தம் படிக்கும் பொறுமை, நோட்டைப் பார்த்து ஓடும் இசையைப் பின்தொடரத் தெரிதல் ஆகிய நான்கும் கைவந்தால், கோலாலம்பூரில் ஒரு தயாரிப்பு நிறுவனமோ ஒளிபரப்பு நிலையமோ உங்களை உதவியாளராக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கும்.

ஒட்டுக்கடைக் காட்சிக்கு வருவோம். அந்த வானொலிக்கு மூன்று வழி இருக்கிறது. உரிமை விலை கட்டுப்படியாகும் பாட்டாகத் தேடி, இரண்டு கையெழுத்தும் வாங்கிவிட்டுப் படப்பிடிப்புக்குப் போவது ஒன்று. படத்தின் இசையமைப்பாளரையே 1960களின் பாணியில் ஒரு புதுப் பாட்டு எழுதச் சொல்லி, ஒரு மைக், குறைந்த வாத்தியம், பழைய வானொலியின் குறுகிய அலைவரிசையில் வடிகட்டிப் போடுவது இன்னொன்று. அந்தப் பாட்டு படத்துக்கே சொந்தமாகும், விளம்பரத்துக்கும் உதவும். மூன்றாவது, பாட்டை விட்டுவிட்டு, அறிவிப்பாளர் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கும் குரலை நாமே எழுதிப் பதிந்து வைப்பது. மூன்றில் செலவு குறைந்தது அதுதான். தோட்டத்துக் காலை அப்படித்தான் விடிந்தது என்று பார்ப்பவர்களும் ஒப்புக்கொள்வார்கள். எதுவானாலும் படப்பிடிப்பன்று அந்த வானொலியின் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.